தயிர் வாங்கப் போனவன்

செந்தில்,

நீ என்னிடம் பேசி மூன்று வாரம் ஆகிறது. அம்மாவிடம் தினமும் பேசுகிறாய் என்று தெரியும். உன் போன் வந்தால் அவள் பால்கனிக்குப் போய்விடுகிறாள். அடுத்த மாதம் நீயும் நேஹாவும் குர்காவ் வீட்டைக் காலி செய்துவிட்டு பெங்களூருக்குப் போகிறீர்கள் என்பதையும் அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். போவதற்கு முன்னால் உன்னிடம் சொல்ல வேண்டியது இருக்கிறது. நேரில் சொன்னால் நீ "சில் பண்ணுங்கப்பா" என்பாய், நான் கத்துவேன், அம்மா நடுவில் வந்து நிற்பாள். அதனால் எழுதுகிறேன். முப்பத்தைந்து வருடம் அரசாங்கத்துக்குக் குறிப்பு எழுதிப் பழகிய கை. பெற்ற பிள்ளைக்கு எழுத வரவில்லை. இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் நாம் ஐந்து தமிழ்க் குடும்பங்கள் ஒரே பிளாக்கில் இருந்தோம். நாம் திருநெல்வேலி, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மாணிக்கம் மாமா சேலம், மேல்மாடி ஜோசப் மாமா நாகர்கோவில். அவரவர் ஊர்ப் பேச்சை யாரும் விடவில்லை. ஆனாலும் சேர்ந்து இருந்ததில் எங்கள் ஐந்து வீட்டுக்கு மட்டும் புரிகிற பேச்சு ஒன்று உண்டாகிவிட்டது. சாம்பார் தண்ணீராக இருந்தால் 'யமுனா' என்போம். பஸ்ஸில் யாராவது 'பன்னிரண்டாம் நம்பர்' என்று சொன்னால் எல்லாரும் வாயை மூடிக்கொள்வோம். பன்னிரண்டாம் நம்பர் வீட்டுக்குப் புதிதாக வந்த பஞ்சாபி அம்மாளின் புடவையைப் பற்றி உன் அம்மாவும் மாணிக்கத்தின் மனைவி விஜயா அத்தையும் மாடிப்படியில் நின்று அவர் எதிரிலேயே தமிழில் பேசிக்கொண்டிருக்க, அவர் நிதானமாக, "நாங்க அஞ்சு வருஷம் திருச்சில இருந்தோம்மா" என்று சொன்ன கதை உனக்குத் தெரியும். இப்படி ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு கதை. வெளியாள் கேட்டால் ஒன்றும் புரியாது. எங்களில் ஒருவர் கேட்டால், எங்கே, எப்போது, யார் என்று மொத்தமும் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். ஊரை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து இருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று தில்லியிலேயே பிறந்த உனக்குச் சொன்னாலும் விளங்காது.

அந்த வார்த்தைகளில் ஒன்றுதான் 'தயிர் வாங்கப் போறது'. வேலை இருக்கிற நேரம் பார்த்து நைசாக நழுவுகிறவனுக்கு அது. பொங்கல் விழா முடிந்து நாற்காலி அடுக்கும்போது ஜோசப்பைக் காணோம் என்றால், "ஜோசப் தயிர் வாங்கப் போயிட்டாரு" என்பார்கள். நானும் சொல்வேன். நான் சொல்கிறபோது மட்டும் சிரிப்பு கொஞ்சம் கூடுதலாக வரும். எனக்கு வேடிக்கையாகப் பேச வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒருமுறை, "இது எங்கேருந்துவே வந்துச்சு?" என்று கேட்டேன். ஜோசப், "அது சேலத்துப் பேச்சாக்கும், இல்லியா மாணிக்கம்?" என்றார். மாணிக்கம் தலையை ஆட்டினான். பெண்கள் சமையலறைக்குள் போய்ச் சிரித்தார்கள். நான் அதை நம்பி, ஆபீஸில் கூட இரண்டு பேரிடம் சேலத்துப் பேச்சு என்று எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

உன் கல்யாணம் முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை ஜனக்புரி வீட்டில் எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். குவார்ட்டர்ஸை விட்டு ஆளுக்கொரு மூலைக்குப் போன பிறகு ஐந்து குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்து நாளாகிவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விஜயா அத்தை, "புது மருமக வந்திருக்கா, மாமனார் நாலு வார்த்தை சொல்லட்டும்" என்றாள். எனக்குக் கூச்சம். காலிப் பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நகர்ந்தேன். அப்போது நேஹா, ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்து, "அப்பா தயிர் வாங்கப் போறாங்க!" என்றாள். வீடே அதிரச் சிரித்தார்கள். லக்னோவில் பிறந்த பெண் எங்கள் பேச்சைப் பேசிவிட்டாளே என்று எனக்குக் கண் கலங்கியது. "சரியாச் சொன்னே தாயி" என்றேன். அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பாத்துப் போங்கப்பா, கரோல் பாக் வரைக்கும் போயிடாதீங்க!" என்றாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஜோசப் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். மாணிக்கம் தட்டைப் பார்த்தான். விஜயா அத்தை, "நேஹா, அப்பளம் இன்னும் இருக்காம்மா?" என்று கேட்டாள். அப்பளம் அவள் முன்னாலேயே குவிந்து கிடந்தது. மேசைக்கு அடியில் நீ நேஹாவின் காலை மிதித்தது நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. தயிரையும் கரோல் பாகையும் சேர்த்து நான் என் ஆயுளில் ஒரே ஒரு நாள்தான் பேசியிருக்கிறேன். அதுவும் பொய்.

அந்தக் கதையை நீ சுமதியிடமிருந்து கேட்டிருக்கிறாய். மாணிக்கத்தின் மகள், அவள் தன் வீட்டில் நடந்ததைச் சொன்னாள், தப்பில்லை. என் வாயிலிருந்து ஒருமுறை கேள். உனக்கு அப்போது ஐந்து வயது. விஜயா அத்தையின் ஊரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்து மாணிக்கம் வீட்டில் ஆறு மாதமாகத் தங்கியிருந்தார்கள். அந்த அம்மாளுக்கு இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம். யாரோ மொட்டைக் கடிதாசி போட்டுவிட்டார்கள், அரசாங்க வீட்டை உள்வாடகைக்கு விட்டிருக்கிறான் என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை விசாரிக்க இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். மாணிக்கம் என் வாசலில் வந்து நின்றான். பனியனோடு இருந்தான். "ஒரு நிமிஷம் வாப்பா. இவங்க எங்க சொந்தக்காரங்க, வாடகைக்கு இல்லைன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போடு. ஒட்டின வீட்டுக்காரர் கையெழுத்துத்தான் வேணும்கறாங்க" என்றான். "இன்னா வாரேன்" என்றேன்.

உள்ளே போய் ஒரு தூக்குச் சட்டியை எடுத்தேன். உன் அம்மாவிடம், "தயிர் வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கப் படி வழியாக இறங்கினேன். மந்திர் மார்க் பக்கம் ஒரு பூங்காவில் போய் உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம். என் பதவி உயர்வு ஃபைல் அந்த மாதம்தான் மேலே போயிருந்தது. வீட்டு விவகாரத்தில் பொய்க் கையெழுத்துப் போட்டான் என்று யாராவது எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று பயம். ஊர்க்காரர்களைச் சொந்தக்காரர்கள் என்று எழுதச் சொல்கிறானே, அது நியாயமா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். நிஜமாகவே வாடகை வாங்குகிறானோ என்று எனக்கும் ஒரு சந்தேகம் வந்தது. தினம் என்னோடு ஒரே பஸ்ஸில் ஆபீஸ் போகிறவன் மேல், அந்தப் பூங்காவில் உட்கார்ந்துகொண்டு, எனக்கு வசதியாக அந்தச் சந்தேகத்தை நானே வரவழைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது அதிகாரிகள் போய்விட்டார்கள். மற்ற மூன்று குடும்பமும் கையெழுத்துப் போட்டிருந்தது. நான் சட்டியைக் காட்டி, "பால் பூத்துல தயிர் தீந்து போச்சு, கரோல் பாக் வரைக்கும் அலைஞ்சேன்" என்றேன். மாணிக்கம் என்னைப் பார்த்து, "வெயில்ல போயிருக்கியேப்பா, தண்ணி குடி" என்றான். அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் அவனுக்கு அந்த வீடு போயிற்று. இரண்டு பிள்ளைகளோடு படேல் நகரில் ஒற்றை அறையில் இரண்டு வருடம் இருந்தார்கள். சாமான் ஏற்ற நான் கூடவே நின்றேன். எல்லாரையும்விட அதிகமாகத் தூக்கினேன். அவர்கள் என் பேச்சை நம்பிவிட்டார்கள் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

விருந்தன்று எல்லாரும் கிளம்பின பிறகு, பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த உன் அம்மாவிடம், அந்தப் பேச்சு என்னை வைத்துத்தான் வந்ததா என்று கேட்டேன். அவள் குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். "எத்தன தடவ நீங்களே சொல்லிச் சிரிச்சிருக்கீங்க! தெரிஞ்சுதான் சிரிக்கீங்கன்னுலா நெனச்சேன். மனுசன் தன் தப்ப இப்படி ஒத்துக்கிடுதாரேன்னு எனக்குப் பெருமையாக் கூட இருந்துச்சு." மறுபடியும் குழாயைத் திறந்துவிட்டு, "அன்னைக்கு ஃப்ரிட்ஜுல சட்டி நெறையத் தயிர் இருந்துச்சுங்க. எனக்குத் தெரியாமலா?" என்றாள். இல்லாத ஒரு நல்ல குணத்தை என்மேல் ஏற்றி வைத்து அவள் என்னோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள். அதைக் கேட்டபோது, மற்றவர்கள் சிரித்ததைவிட எனக்கு அதுதான் தாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மெட்ரோவில் ஏறித் துவாரகாவுக்கு மாணிக்கம் வீட்டுக்குப் போனேன். போகும்போது சண்டை போடத்தான் போனேன். "இத்தன வருசமா தெரிஞ்சுக்கிட்டே என்கூடச் சிரிச்சீராவே? நான் என்ன உங்களுக்கு கோமாளியா?" என்று உட்காருவதற்கு முன்பே கேட்டேன். விஜயா அத்தை உள்ளே போய்விட்டாள். மாணிக்கம் டிவியை நிறுத்தினான். அவசரப்படாமல் பேசினான். "படேல் நகர் போன புதுசுல மூணு மாசம் நாங்க உன் வீட்டுக்கு வரலை, ஞாபகம் இருக்கா? வரக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஒரு நாள் சாப்பிட உக்காந்தா தயிர் இல்லை. விஜயா, 'உங்க சிநேகிதர அனுப்பலாமா?'ன்னு கேட்டா. எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. அவளும் சிரிச்சா. அந்த ரூமுக்குப் போனதுக்கப்புறம் அன்னிக்குத்தான் நாங்க சிரிச்சோம். அடுத்த ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்கு வந்தோம். அப்படிச் சிரிக்காம இருந்திருந்தா வந்திருக்கவே மாட்டோம்ப்பா."

நல்ல மனுஷன் பேச்சு அது. கேட்டுவிட்டு நான் சமாதானமாகத் திரும்பியிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் அதிகமாயிற்று. "மன்னிச்சிரும்" என்றேன். "அதெல்லாம் எப்பவோ ஆச்சுப்பா" என்றான். "உமக்கு ஆச்சுவே. எனக்கு ஆகலியே" என்றேன். அவன் திகைத்துப் போனான். நான் கேட்பதற்கு முன்பே என்னை மன்னித்துவிட்டு, அதை என்னிடம் சொல்லாமல், ஐந்து குடும்பமும் சேர்ந்து ஒரு வார்த்தையாக்கிப் பங்கு போட்டுக்கொண்டார்கள். வாசலில் போய் நின்று தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்லும் தைரியம் எனக்கு என்றைக்காவது வந்திருக்குமா, தெரியாது. ஆனால் அதற்கு அவசியமே இல்லாமல் செய்துவிட்டார்கள். கடைசியில் மாணிக்கம், "சரி, இப்பச் சொல்லு. நான் கேக்கறேன்" என்றான். பூங்கா, பயம், அந்தச் சந்தேகம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முகம் மாறிக்கொண்டே வந்தது. "கஷ்டமாத்தான் இருந்துச்சுப்பா" என்றான். "அவங்க எழுதிட்டு இருக்கும்போது நான் உன் வாசலையே பாத்துட்டு நின்னேன். வந்துருவே, வந்துருவேன்னு." என்னிடம் அவன் அந்த நாளைப் பற்றிச் சொன்ன முதல் உண்மை அது. நெஞ்சில் குத்தியது. இருந்தாலும், என்னைச் சரிக்குச் சரியாக உட்கார வைத்துப் பேசியது போல இருந்தது.

இனி உன் விஷயம். பதினொன்றாம் வகுப்பில் நீயும் இன்னும் மூன்று பேரும் வராந்தாவில் பட்டாசு வெடித்தீர்கள் என்று ஸ்கூலில் கூப்பிட்டனுப்பினார்கள். நீ வெடிக்கவில்லை, கூட நின்றாய் என்றாய். "அப்பா வந்து சொன்னாத்தான் நம்புவாங்க" என்றாய். நான் ஆடிட் இருக்கிறது என்று சொல்லி அம்மாவை அனுப்பினேன். ஆடிட் எதுவும் இல்லை. அந்தப் பிரின்சிபால் அம்மாள் முன்னால் நின்று இங்கிலீஷில் வாதாட எனக்குப் பயம். உன்னை ஒரு வாரம் வெளியே நிறுத்தினார்கள். அன்று மாலை நான் வீட்டுக்குள் நுழைந்ததும் நீ சோபாவில் இருந்தபடியே, "தயிர் கெடைச்சுதாப்பா?" என்று கேட்டாய். ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்ததைக் கிண்டல் பண்ணுகிறாய் என்று நினைத்து நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். என் மகன் என்னைக் கோழை என்று என் முகத்துக்கு நேரே சொல்ல, நான் அவன் முன்னால் நின்று சிரித்திருக்கிறேன்.

நீ சொன்னது நியாயம். ஸ்கூலுக்கு வராததற்கு நீ என்னை எவ்வளவு திட்டினாலும் கேட்டுக்கொள்வேன். ஆனால் எனக்குப் புரியாத பாஷையில் ஏன்டா திட்டினாய்? "வந்திருக்கணும்ப்பா, நீங்க வராம நான் தனியா மாட்டிக்கிட்டேன்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் என் தூக்கம் போயிருக்கும், அடுத்த தடவை வந்திருப்பேன். மாணிக்கத்துக்காவது நான் செய்த துரோகம் இருக்கிறது, அவனுக்குச் சிரிக்க உரிமை உண்டு. நீ என் பிள்ளை. உன் நிச்சயதார்த்தத்தில், என் அறுபதாவது பிறந்த நாளில், சும்மா டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது என்று எத்தனை முறை அந்த வார்த்தையைச் சொல்லி அம்மாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டியிருக்கிறாய்! நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேன். நம் வீட்டில் நான் மட்டும் வெளியாளாக இருந்திருக்கிறேன், அதுகூட எனக்குத் தெரியாமல்.

அதைக் கொண்டுபோய் நேஹாவிடம் ஏன் கொடுத்தாய்? அவள் உன்மேல் உள்ள ஆசையில் போனில் பாடம் படித்து, சமையலறைச் சுவரில் உயிரெழுத்து ஒட்டி, இந்த வீட்டுக்குள் வரப் பாடுபட்டாள். அவளுக்குக் கதையைச் சொன்னவன், அப்பாவுக்கு இது தெரியாது என்பதை மட்டும் ஏன் சொல்லவில்லை? நானும் சேர்ந்து சிரிக்கிற வேடிக்கை என்று அவள் நினைத்துவிட்டாள். விருந்து முடிந்து நீங்கள் கிளம்பும்போது லிஃப்ட் பக்கத்தில் அவள் அழுதுகொண்டு நிற்க, நீ "ஜோக்தானேப்பா, இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு" என்றாய். மறுநாள் அவளிடமிருந்து தமிழில் ஒரு மெசேஜ் வந்தது. 'அப்பா மனிக்கவும்'. ஒரு ன் விட்டுப் போயிருந்தது. தப்பே செய்யாதவள் கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு என்னோடு இந்தியில்தான் பேசுகிறாள். "பாபா, தவாயி லீ?" என்று கேட்கிறாள், மருந்து சாப்பிட்டீர்களா என்று. அன்பாகத்தான் கேட்கிறாள். எனக்கு 'அப்பா' போய்விட்டது.

நீங்கள் இரண்டு பேரும் புது ஊருக்குப் போகிறீர்கள். உங்களுக்குள்ளேயும் வார்த்தைகள் உண்டாகும். ஒருவரையொருவர் கேலி பண்ணுவீர்கள், பண்ண வேண்டும், அது இல்லாவிட்டால் வீடு ஆபீஸ் மாதிரி ஆகிவிடும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். யாரைப் பற்றின வேடிக்கையோ அவருக்கு அதன் கதை தெரிந்திருக்க வேண்டும். அவர் அதைக் கேட்டு அழுதிருக்க வேண்டும், அல்லது சண்டை போட்டிருக்க வேண்டும், பிறகு சிரித்திருக்க வேண்டும்.

உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் வரும், இவ்வளவு நீளம் வராது. இதை உனக்கு, படிப்பதில் உன்னை முந்திவிட்ட நேஹாதான் படித்துக் காட்டிக்கொண்டிருப்பாள் என்று தெரிந்தேதான் எழுதினேன். நேஹா, நீ சொன்னதில் ஒரு தப்பும் இல்லை தாயி. இந்த ஐந்து குடும்பத்தில் எனக்கு உண்மையைச் சொன்னவள் நீ ஒருத்திதான். என்னிடம் தமிழிலேயே பேசு. இன்னொன்று, உன் பக்கத்தில் இருப்பவன் நடுவில் எழுந்து போகப் பார்த்தால் கையைப் பிடித்து உட்கார வை.

செந்தில், உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. போகப் போகச் சரியாகிவிடும் என்று உன் அம்மா சொல்கிறாள். அப்படிச் சரியாக நான் விடப் போவதில்லை. உனக்குத் தெரியாமல் உன்னை மன்னித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல உன்னோடு உட்கார்ந்து சாப்பிட என்னால் முடியாது. அதை எனக்குச் செய்தார்கள், என் பிள்ளைக்கு நான் செய்ய மாட்டேன். சனிக்கிழமை காலை வா. ஸ்கூல் விஷயத்துக்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், நேருக்கு நேர், முதலில் நானே கேட்கிறேன். அதற்குப் பிறகு நீ கேள்.

அப்பா